ஜிப்சம் போடுமுன் வடிகால்

அன்புள்ள செல்வராசு,

கடிதமும் உன் வயல் மண்கட்டியும் கிடைத்தன. கட்டியை உடைக்காமல் ஒரு டம்ளர் மழைத்தண்ணீரில் போட்டேன். சுற்றிலும் மோர் மாதிரி கலங்கியது, மறுநாள் காலை வரை தெளியவே இல்லை. நீ நினைப்பதுபோல் அது உவர் (உப்பு மிகுந்த மண்) இல்லை, களர் (சோடியம் மிகுந்த மண்). உவர் என்றால் நல்ல தண்ணீர் கட்டிக் கழுவினாலே தீரும். களரில் சோடியம் களிமண் துகளோடு ஒட்டிக் கிடக்கிறது. வெறும் தண்ணீர் கட்டினால் மண் குழைந்து துளையெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

களரைத் திருத்த ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) வேண்டும்தான்; இரண்டு லோடு சொல்லிவிட்டேன் என்கிறாய். எந்தக் கணக்கில்? மண் பரிசோதனையில் ஜிப்சம் தேவை என்று ஒரு எண் வரும், அதில் பாதி போதும். அதைவிட முக்கியம் வடிகால். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். பெயர்ந்தது சோடியம் சல்பேட்டாகத் தண்ணீரில் கரைந்து நிற்கும். அது வெளியேற வழி இல்லாவிட்டால் போட்ட காசும் வயலிலேயே கிடக்கும்.

வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்து மட்டம் பண்ணு. பள்ளத்து மூலையில் மடை வை. ஜிப்சத்தைச் சீராகத் தூவி, மேல் 10 செ.மீ. மண்ணில் மட்டும் கலக்கும்படி உழு. ஆழ உழுதால் மருந்து கீழ்மண்ணோடு கலந்து நீர்த்துப்போகும். 10 செ.மீ. உயரம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் நிறுத்தி வடித்துவிடு. மூன்று நான்கு தடவையாவது செய். வாய்க்கால் தண்ணீர் வரும் நாளில் செய்வதே புத்திசாலித்தனம். உன் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் இருந்தால் களர் திரும்பி வந்துவிடும், அதையும் சோதிக்கக் கொடு.

பிறகு பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதை, ஏக்கருக்கு 20 கிலோ. பூ எடுக்கும் சமயம், சுமார் 45 நாளில், மடக்கி உழு. தண்டை ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும்; நார் இழுத்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். முற்றிய தழை மக்கும்போது தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், நட்ட பயிர் வெளுக்கும். நடவுக்கு முன் 10, 15 நாள் அழுக விடு.

நெல்லில் டிஆர்ஒய் 3 ரகம் போடலாம், களர் தாங்கும். துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 15 கிலோ, 20 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் தூவு. டிஏபி உரத்தோடு மட்டும் கலக்காதே, அதிலுள்ள மணிச்சத்தோடு சேர்ந்து, துத்தநாகம் கட்டிப்போய் வேருக்குக் கிடைக்காது.

தங்கச்சி மாடித் தொட்டியில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது வேறு சங்கதி. அதற்கு ஜிப்சம் வேண்டாம். மழைத்தண்ணீரை அடித்துளை வழியே தாராளமாக வழியவிடச் சொல்.

பரிசோதனைச் சீட்டு வந்ததும் எண்களை எழுது.

அன்புடன்,
கணேசன்