பேர்ச்சல் உரைக்குத் துணைநின்றவர்களுக்கு

வெள்ளவத்தையில் விமானி லெனார்ட் பேர்ச்சலைப் பற்றிய எங்கள் உரைக்கூட்டம் நல்லபடியாக முடிந்தது. கதிரை போதாமல் பின்சுவரோடு நின்று கேட்டவர்களுக்கு முதல் நன்றி. “வெள்ளைக்காரப் பைலற்றுக்குத் தமிழ்க் கூட்டமா?” என்று முணுமுணுத்தவர்களும் கடைசிவரை இருந்தார்கள். அவர்களுக்கும்தான்.

லெனார்ட் பேர்ச்சல் கனடாக்காரர். 1942 ஏப்ரல் 4 அன்று காலிக்குப் பக்கத்துக் கொக்கலவிலிருந்து கட்டலினா கடல்விமானத்தில் ரோந்து போனவர். குண்டும் சுமக்கும் விமானம்தான், ஆனால் வேகம் கிடையாது. இலங்கைக்குத் தெற்கே 350 மைலுக்கு அப்பால் யப்பானியக் கடற்படையைக் கண்டார்கள். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே யப்பானியரின் சீரோ போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள், ஆறு பேர் கைதிகளானார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பில் குண்டு விழுந்தது. எச்சரிக்கை வந்திருந்ததால் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்பே வெளியேறிவிட்டன. ரத்மலானை விமானத்தளத்தில் மட்டும் நம்பக்கத்து விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். செய்தி கிடைத்தும் ஏன் அப்படி என்று சபையில் கேட்ட தம்பி, அந்தக் கேள்விக்கே தனியாக ஒரு கூட்டம் வைக்கலாம்.

என் முதல் வரைவு இதோடு நின்றிருந்தது. ஆங்கில நூல்களை வரிவரியாக வாசித்து விளக்கிய ஓய்வுபெற்ற ஆசிரியை அக்காதான், “செய்தி அனுப்பியது ஒரு பின்னேரம், சிறை மூன்று வருடத்துக்கு மேல். எதைக் கூடச் சொல்லப் போகிறாய்?” என்று கேட்டார். உரையின் பாதி அவருடையது. பிடித்த யப்பானியக் கப்பலிலேயே கைதிகளை அடித்து விசாரித்ததும், செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று இவர்கள் சாதித்ததும், செய்தியைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கொழும்பு கேட்டது யப்பானியர் காதில் விழுந்ததும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யப்பான் முகாம்களில் நோயாளிக் கைதிகளை வேலைக்கு இழுத்தபோது பேர்ச்சல் காவலர்களை எதிர்த்து நின்றார், அடி வாங்கினார். ஒளித்து வைத்து எழுதிய நாட்குறிப்புகள் பிறகு போர்க்குற்ற வழக்குகளில் சாட்சியாயின. ‘இலங்கையின் மீட்பர்’ என்ற பட்டத்தைவிட எனக்கு இந்த மனிதர்தான் பெரியவர்.

பழைய பத்திரிகைக் கட்டுகளைச் சலிக்காமல் எடுத்துத் தந்த நூலக ஊழியர்களுக்கும், கடல்விமானம் தண்ணீரிலிருந்து எழும்பும் விதத்தைக் கையாலேயே காட்டிய ரத்மலானை அருங்காட்சியக ஐயாவுக்கும், கொக்கல வாவிக் கரையில் எங்களுக்காகச் சிங்களத்தில் விசாரித்த நண்பருக்கும், வாடகை மீதியை வாங்க மறுத்த ஓட்டோ அண்ணைக்கும் நன்றி.

கொட்டாஞ்சேனைப் பெரியவர் ஒலிவாங்கி வேண்டாம் என்றுவிட்டார். குண்டு விழுந்தபோது சிறுபிள்ளையாக மேசைக்கடியில் கிடந்ததையும், பிறகு ரயிலேறி யாழ்ப்பாணம் போனதையும் உட்கார்ந்தபடியே சொன்னார். அதற்குப் பிறகு பேச எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. “கடலோடு போன அந்த மூன்று பிள்ளைகளின் தாய்மாருக்கு யார் சொன்னது?” என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. கேட்டதற்கு நன்றி, அம்மா.

பிளேன்ரீயும் வடையும் தந்த கடைக்காரருக்குக் காசு அனுப்பியாயிற்று. இரவல் வாங்கிய படங்கள் உரியவர்களிடம் இந்தக் கிழமைக்குள் வந்து சேரும். கறுப்புக் குடை ஒன்று மண்டபத்தில் கிடக்கிறது, உரியவர் வந்து எடுத்துக்கொள்ளவும்.