அரசின் கையை நாடாதீர்கள்: சமயத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய சமயத் தலைவர்களுக்கு,

வணக்கம். கோவில், தேவாலயம், பள்ளிவாசல், விகாரை, மடம் என எந்தப் பெயரில் இயங்கினாலும், ஒரு சமூகத்தின் வழிபாட்டுக்குப் பொறுப்பேற்றிருக்கும் உங்கள் அனைவருக்கும், கடவுள் நம்பிக்கை உடைய ஒருவனாகவே இம்மடலை எழுதுகிறேன். மதச்சார்பின்மை என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்களில் பலர் அதை நாத்திகத்தின் மறுபெயராக எண்ணிவிடுகிறீர்கள். அந்த அச்சத்தாலேயே, தேர்தல் நெருங்கும்போது உங்கள் மேடையைத் தேடி வரும் கட்சிகளுக்கு ஆசி வழங்கி, அதற்கு ஈடாகச் சட்டத்தில் ஓர் இடம், கருவூலத்தில் ஒரு பங்கு, பாடநூலில் ஓர் அத்தியாயம் எனக் கேட்கத் துணிகிறீர்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலை நிறுத்துங்கள் என்று உங்களை வேண்டுகிறேன். இதனால் அரசியல் தூய்மையடையும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நம்முடைய வழிபாடு பிழைக்க வேண்டும் என்பதே என் கவலை.

அரசும் சமயமும் பிரிந்திருக்க வேண்டும் என்று முதலில் குரல் எழுப்பியவர்களில் ஆழ்ந்த பக்தர்கள் பலர் இருந்தார்கள். 1635இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை விட்டு வெளியேறும்படி தீர்ப்பளிக்கப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் ஒரு போதகர். திருச்சபை தோட்டம், உலகம் காடு, இரண்டுக்கும் நடுவே வேலியோ சுவரோ இருந்தாக வேண்டும் என்று 1644இல் எழுதியபோது அவர் காக்க நினைத்தது தோட்டத்தைத்தான். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1801 அக்டோபரில், கனெக்டிகட் மாநிலத்து டான்பரி வட்டாரப் பாப்டிஸ்ட் சபைகள் அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு ஒரு மடல் எழுதின. அம்மாநிலத்தில் வேறொரு சபைக்கே அரசின் ஆதரவு இருந்தது. அதைப் பேணும் வரியிலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால், பிற சபையினர் தாங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் என்பதற்குச் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. தாங்கள் துய்க்கும் சமய உரிமைகள் யாராலும் பறிக்க முடியாத உரிமைகளாக இல்லாமல், அரசு மனமிரங்கித் தந்த சலுகைகளாக இருக்கின்றன என்பதே அவர்களுடைய முறையீடு. அதற்கு 1802 ஜனவரி 1 அன்று ஜெஃபர்சன் எழுதிய மறுமொழியில்தான், சபைக்கும் அரசுக்கும் இடையிலான ‘பிரிவுச் சுவர்’ என்ற புகழ்பெற்ற தொடர் வருகிறது. இன்று அத்தொடரைச் சமயத்தின் பகையாகக் காட்டிப் பேசுவோர், அது ஒரு சிறுபான்மைச் சபையின் வேண்டுகோளுக்குக் கிடைத்த பதில் என்பதைச் சொல்வதில்லை.

அரசு எதையும் கைம்மாறு கருதாமல் தருவதில்லை. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அதை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அனுபவித்து அறிந்தது. 1721இல் பேரரசர் பீட்டர், முதுபெரும் தந்தை என்ற திருச்சபைத் தலைவர் பதவியை ஒழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘புனித சினோது’ என்னும் குழுவை அமர்த்தினார். அதைக் கண்காணிக்கக் குருப்பட்டம் பெறாத ஓர் அரசு அதிகாரியை அடுத்த ஆண்டே நியமித்தார். அதே 1722இல் சேர்க்கப்பட்ட விதியொன்று, பாவசங்கீர்த்தனத்தின்போது, அதாவது குருவிடம் தனிமையில் பாவங்களை அறிக்கையிடும்போது, ஒருவர் ஆட்சிக்கு எதிரான சதியெண்ணத்தை வெளியிட்டு, அதைக் கைவிடவும் மறுத்தால், குரு அதை அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்றது. இந்த விதியை நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். மனிதன் தன் நெஞ்சின் அழுக்கைக் கடவுளின் முன் மட்டும் இறக்கி வைப்பதற்கென்று இருந்த ஒரே இடத்திலும் அரசின் செவி வந்து அமர்ந்துகொண்டது. வெளியில் பார்த்தால் அத்திருச்சபைக்கு எந்தக் குறையும் இல்லை: பேரரசர் அதன் காவலர், அதுவே நாட்டின் முதன்மைச் சமயம். ஆனால் முதுபெரும் தந்தையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, முடியாட்சி வீழ்ந்த 1917ஆம் ஆண்டில்தான் அதற்குத் திரும்பக் கிடைத்தது. வேலியே பயிரை மேய்வது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிரான்ஸில் நடந்ததையும் நோக்குங்கள். 1801இல் நெப்போலியன் போப்போடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, குருக்களுக்கு அரசு ஊதியம் தந்தது, ஆயர்களை அரசே முன்மொழிந்தது. 1905ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டம் மனச்சான்றின் விடுதலைக்கு உறுதியளித்துவிட்டு, எந்த வழிபாட்டு முறையையும் குடியரசு அங்கீகரிக்காது, அதற்கு ஊதியமும் மானியமும் தராது என்று அறிவித்தது. அச்சட்டம் நிறைவேறிய விதத்தில் கசப்பு இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆலயப் பொருள்களைக் கணக்கெடுக்கச் சென்ற அதிகாரிகளோடு மக்கள் மோதினார்கள். போப் பத்தாம் பயஸ் 1906 பிப்ரவரியில் அச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். ஆயினும் அதே மாதத்தில், பாரிஸில் இருந்த எந்த அமைச்சரின் ஒப்புதலையும் நாடாமல், பதினான்கு பிரெஞ்சு ஆயர்களை அவரே ரோமில் அருட்பொழிவு செய்தார். நூறாண்டுக்கு மேலாகத் திருத்தந்தைக்கு இல்லாதிருந்த அந்த உரிமை, அவர் கண்டித்த சட்டத்தாலேயே அவர் கைக்கு வந்தது.

ஸ்வீடனில் 1951 வரை, வேறொரு சபையில் சேராமல் அரசுத் திருச்சபையை விட்டு விலகவே சட்டம் இடம் தரவில்லை. பெற்றோர் உறுப்பினராக இருந்தால் குழந்தையும் பிறப்பாலேயே உறுப்பினராகும் வழக்கம் 1996இல்தான் முடிவுக்கு வந்தது. அவ்வளவு பாதுகாப்பு இருந்தும் அந்நாட்டில் வழிபாட்டுக்கு வருவோர் குறைந்துகொண்டே போனார்கள். 2000ஆம் ஆண்டில் அரசும் திருச்சபையும் பிரிந்தன. பதிவேட்டில் பெயரை எழுத அரசால் முடியும், ஒரு மனிதனை மண்டியிட வைக்க அதனால் முடியாது.

மதச்சார்பின்மையின் பெயரால் இழைக்கப்பட்ட கொடுமைகளை நீங்கள் எடுத்துக்காட்டுவீர்கள். அதில் உண்மை இருக்கிறது. 1967இல் அல்பேனிய அரசு வழிபாட்டிடங்கள் அனைத்தையும் மூடியது. அந்தத் தடை 1990 வரை நீடித்தது. துருக்கியில் கிலாஃபத் என்னும் இஸ்லாமியத் தலைமைப் பதவி ஒழிக்கப்பட்ட 1924ஆம் ஆண்டிலேயே சமய விவகாரங்களுக்கென ஓர் அரசுத் துறை உருவாக்கப்பட்டு, இமாம்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பாங்கைத் துருக்கி மொழியில்தான் சொல்ல வேண்டும் என்று வந்த கட்டாயம் 1950இல்தான் நீங்கியது. 1999இல் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண் முக்காடு அணிந்து நாடாளுமன்ற அவைக்குள் வந்ததால் உறுதிமொழி எடுக்க விடப்படவில்லை. இவற்றை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இவை எதிலும் அரசு சமயத்தை விட்டு விலகி நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அல்பேனியாவில் அதன் கழுத்தை நெரித்தது, துருக்கியில் அதைத் தன் அலுவலகமாக்கிக்கொண்டது. அந்தத் துருக்கித் துறை இன்றும் இருக்கிறது. ஆட்சியின் போக்கு மாறியபோது அதன் குரலும் மாறியது. உங்களுக்கு வேண்டிய சலுகையை இன்றைய ஆட்சியிடம் பெறுவதற்காக நீங்கள் உருவாக்கும் அதிகாரம், நாளை உங்களை விரும்பாத ஆட்சியின் கையில் அப்படியே இருக்கும்.

அப்படியானால் சமயம் பொதுவாழ்வில் வாய் திறக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படி நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அடிமை வணிகத்தை ஒழிக்கக் கோரி 1783இல் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தவர்கள் குவேக்கர்கள் என்னும் நம்பிக்கையாளர்கள். தென்னாப்பிரிக்காவை எண்ணிப் பாருங்கள். ஆளும் வெள்ளையரின் சபையாக விளங்கிய டச்சு சீர்திருத்தத் திருச்சபை, இன ஒதுக்கலுக்கு வேதத்திலிருந்து நியாயம் தேடிக் கொடுத்தது; ஆட்சியிடம் எதையும் பெறாத ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அதே வேதத்தை ஏந்தி அதை எதிர்த்தார். 1990இல் ரஸ்டன்பர்க் நகரில் கூடிய திருச்சபைகளின் மாநாட்டில், முதற்சொன்ன சபையின் இறையியலாளர் வில்லி யோங்கர் தம் பாவத்தையும் தம் மக்களின் பாவத்தையும் வெளிப்படையாக அறிக்கையிட்டார். டுட்டு எழுந்து அதை ஏற்றுக்கொண்டார். அதிகாரத்துக்கு அருகில் அமர்ந்த சபை மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு வந்தது, விலகி நின்றவரிடம் மன்னிக்கும் வலிமை இருந்தது. அநீதியைக் கண்டால் பேசுங்கள், ஆட்சியாளரின் பெயரைச் சொல்லியே கண்டியுங்கள். அந்தக் குரலுக்கு எடை வேண்டுமானால், நேற்று அவரிடமிருந்து எதையும் கைநீட்டிப் பெறாதவராக நீங்கள் இருக்க வேண்டும்.

எனவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த தேர்தலுக்கு முன் வேட்பாளர் ஒருவர் உங்கள் வழிபாட்டிடத்துக்கு வந்தால், அவரையும் அன்போடு வரவேற்று, மற்ற எல்லோரோடும் வரிசையில் அமரச் சொல்லுங்கள். ஒலிவாங்கியை அவரிடம் கொடுக்காதீர்கள்; அவருக்கென்று தனி வழிபாடு நடத்தாதீர்கள். இன்னாருக்கே வாக்களிக்க வேண்டும் என்று உங்கள் மக்களிடம் சொல்லாதீர்கள். உங்கள் சமயத்துக்கு மட்டும் நன்மை தரும் சட்டமொன்று அவைக்கு வந்தால், அதே நன்மை மற்றச் சமயத்தவருக்கும் எச்சமயத்தையும் சாராதவருக்கும் கிடைக்கிறதா என்று முதலில் நீங்களே கேளுங்கள். கிடைக்காது என்றால், எங்களுக்கும் அது வேண்டாம் என்று உங்கள் மக்கள் முன்னிலையில் அறிவியுங்கள்.

உங்கள் மறுமொழிக்குக் காத்திருக்கிறேன்.

பணிவுடன்,
உங்கள் கூட்டத்தின் பின்வரிசையில் அமரும் ஒரு நம்பிக்கையாளன்