13 நாள் விதி பொய் விதி: பட்டிமன்ற ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகரில் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகர் சந்திப்பை நடத்திய ஏற்பாட்டாளர்களுக்கும், அன்றைய பட்டிமன்றத்தில் நடுவராக அமர்ந்தவருக்கும்,

வணக்கம்.

'டெத் நோட்டால் சைட்டாமாவைக் கொல்ல முடியுமா?' என்ற தலைப்பும், 'முடியாது' என்று நீங்கள் சொன்ன தீர்ப்பும் உங்களுக்கு நினைவிருக்கும். தெரியாதவர்களுக்காக: 'டெத் நோட்' என்ற மாங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதை) வருவது, பெயர் எழுதினால் ஆளைக் கொல்லும் நோட்டு; சைட்டாமா, 'ஒன் பஞ்ச் மேன்' கதையில் எவரையும் ஒரே குத்தில் வீழ்த்தும் நாயகன். தீர்ப்பு எந்த அணிக்குப் போனது என்பதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் தவறு. காரணம் தவறிப்போனதற்குக் காரணம், நீங்களே அச்சடித்துக் கொடுத்த விதித்தாள். அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, விதிகளைத் திருத்தி, வாதத்தை மறுபடி நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

தாளில் டெத் நோட்டின் ஏழு விதிகள் இருந்தன. ஐந்தாவது: நோட்டில் பெயர் எழுதியவர் 13 நாளுக்குள் அடுத்த பெயரை எழுதாவிட்டால் அவரே இறந்துபோவார். ஆறாவது: நோட்டைக் கிழித்தாலோ எரித்தாலோ அதுவரை அதைத் தொட்ட எல்லாரும் இறப்பார்கள். இரண்டும் பொய் விதிகள். நோட்டால் கொல்லும் கதைநாயகன் லைட் யாகமி, தன் மீதும் கூட்டாளி மிசா மீதும் விழுந்த சந்தேகம் கழிய வேண்டும் என்று திட்டம் போட்டு, ரியுக் என்ற ஷினிகாமியின் (மரணதேவன்) கையால் எழுதவைத்தவை. வாரக்கணக்கில் அடைத்துவைத்தும் இருவரும் சாகவில்லை, ஆகவே போலீஸ் தேடும் கொலையாளி 'கிரா' இவர்கள் இல்லை என்று விசாரணைக் குழு நம்புவதே இந்தப் பொய்யால்தான். பின்னால் சிடோ என்ற ஷினிகாமியின் வாயாலேயே உண்மை வெளிவந்துவிடுகிறது. போதாததற்கு, லைட் ஒரு கிழிந்த துண்டைக் கைக்கடிகாரத்துக்குள் ஒளித்துவைத்து அதில் பெயர் எழுதிக் கொல்கிறான். கிழித்தால் எல்லாரும் சாவார்கள் என்றால் அந்தக் காட்சிக்கே இடமில்லை. கதையை ஒருமுறை முழுதாகப் படித்தவர்கள் இந்த இரண்டையும் மெய் விதிகளோடு சேர்த்து அச்சடித்திருக்க மாட்டார்கள்.

தீர்ப்பு அந்த ஐந்தாவது விதியின் மேல்தான் உட்கார்ந்தது. சைட்டாமாவின் முழுப்பெயர் யாருக்கும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்க 13 நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் நோட்டு வைத்திருப்பவன் செத்துவிடுவான், ஆகவே சைட்டாமா பிழைத்தார் என்றார் நடுவர். அந்த விதி உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இது நிற்காது. இடையில் வேறொரு குற்றவாளியின் பெயரை எழுதினால் 13 நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறதே. உங்கள் தாளில் இருந்த வாசகமே அதைத்தான் சொல்கிறது.

ஆவடியிலிருந்து வந்து நோட்டு அணியில் பேசிய அந்தப் பத்தாம் வகுப்பு மாணவியை மறந்திருக்க மாட்டீர்கள். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்றில் நீல மையில் விதிகளை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் எந்தப் பாகம், எந்த அத்தியாயம் என்று குறித்துக்கொண்டு வந்திருந்தாள். 13 நாள் விதியைச் சுற்றிச் சிவப்பு மையில் கட்டம் போட்டு, மேலே 'பொய்' என்று எழுதியிருந்தாள். தீர்ப்பின் நடுவில் எழுந்து நின்று அந்தப் பக்கத்தை மேடையைப் பார்த்துத் திருப்பிப் பிடித்தாள். நடுவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மணி அடித்தது. "நேரம் முடிஞ்சுதும்மா, உட்காரு" என்றார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். அரங்கில் சரியான பதிலோடு வந்தவள் அவள் ஒருத்திதான்.

இனி, வாதம் எப்படிப் போயிருக்க வேண்டும் என்று சொல்கிறேன். டெத் நோட் உடலைத் தாக்குவதில்லை. கத்தி, குண்டு, ஆற்றல் வீச்சு போன்றவற்றின் வரிசையில் அதை வைத்ததுதான் முதல் தவறு. அது வேலை செய்ய வேண்டியவை மூன்று: எழுதப்படுபவர் மனிதராக இருக்க வேண்டும், சரியான பெயர் வேண்டும், எழுதும்போது முகம் மனதில் இருக்க வேண்டும். காரணம் எழுதாவிட்டால் 40 விநாடியில் மாரடைப்பு. காரணம் எழுதினால் விவரங்களை எழுத மேலும் 6 நிமிடம் 40 விநாடி. எதிராளி எவ்வளவு பலசாலி என்று எந்த விதியும் கேட்கவில்லை. ஆகவே ஒரே குத்தில் மலையை உடைப்பார் என்று சைட்டாமா அணி பத்து நிமிடம் பேசியது, அழகாக இருந்தாலும், தலைப்புக்குள் வரவில்லை.

சைட்டாமா மனிதர்தானா? வயது 25. நோட்டு 780 நாளுக்குக் குறைந்த குழந்தைகளையும் 124 வயதை எட்டியவர்களையும் தொடாது. அந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இருக்கிறார். மூன்று வருடம் தினமும் 100 தண்டால், 100 வயிற்றுப் பயிற்சி, 100 உட்கார்ந்து எழும் பயிற்சி, 10 கிலோமீட்டர் ஓட்டம், மூன்று வேளைச் சாப்பாடு, கோடையில் ஏசி கிடையாது. முடி கொட்டியதைத் தவிர உடம்பில் வேறு மாற்றமில்லை. அனிமேயின் இரண்டாவது எபிசோடில் ஒரு கொசு அவரைக் கடித்துவிட்டுப் பறந்துபோகிறது, அவரால் அதை அடிக்க முடியவில்லை. தோலுக்குள் ஊசி இறங்குகிறது, ரத்தம் வருகிறது, அரிக்கிறது. வேற்றுக்கிரக வில்லன் பொரோஸ் உதைத்து நிலவுக்கு அனுப்பியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பிக் குதிக்கிறார். மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்த உடம்புக்கு மூச்சு வேண்டும். மூச்சு வேண்டிய உடம்பில் துடிக்கிற இதயம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நோட்டு நிறுத்துகிறது.

இங்கே எதிரணியான சைட்டாமா அணிக்கு ஒரு நல்ல வாதம் இருந்தது. சைட்டாமா கதையில் வரும் விஞ்ஞானி டாக்டர் ஜீனஸ் சொல்கிற வரம்புக் கோட்பாடு: ஒவ்வோர் உயிருக்கும் இயற்கை ஒரு வரம்பு வைத்திருக்கிறது, சைட்டாமா தன் வரம்பை உடைத்துவிட்டார். உடைத்தபின் அவரை மனிதர் கணக்கில் வைக்கலாமா என்று கேட்டிருக்கலாம். என் கருத்து, வைக்கலாம். அந்தக் கதையில் மனிதன் மான்ஸ்டர் ஆகும்போது உருவமே மாறுகிறது, நண்டைத் தின்று தின்று நண்டாகிறவன் அனிமேயின் முதல் எபிசோடிலேயே வருகிறான். சைட்டாமாவுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் இது உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி. எதிரணிக்கும் அதைப் பேச நேரம் கொடுக்கப்படவில்லை. இரண்டு அணிக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெறுங்கள்.

உண்மையான சிக்கல் பெயரில் இருக்கிறது. 'சைட்டாமா' என்பது குடும்பப் பெயரா, வைத்த பெயரா என்று கதை சொல்வதில்லை. ஹீரோ சங்கம் கொடுத்த 'மேலங்கி மொட்டை' என்ற பட்டப்பெயரை எழுதினால் ஒன்றும் நடக்காது. ஜப்பானிய மொழியில் ஒரே ஒலிக்குப் பல கான்ஜி எழுத்துகள் உண்டு. 'டெத் நோட்' கதையின் தொடக்கத்தில் பைக் ஓட்டியவன் ஒருவனின் பெயரைக் காதால் மட்டும் கேட்ட லைட், பல விதமாக எழுதிப் பார்ப்பது அதனால்தான். தெரியாமல் நாலு முறை தப்பாக எழுதிவிட்டால் அந்த மனிதரை அதற்குப் பிறகு நோட்டு கொல்லாது. ஆக, காதால் கேட்ட பெயரை நம்பி ஊகத்தில் எழுதுகிறவன் சைட்டாமாவுக்கு நிரந்தரப் பாதுகாப்பையே எழுதிக் கொடுத்துவிடலாம். சைட்டாமா அணிக்கு நிஜமான பலம் இதுதான். அவர்கள் இதைத் தொடவே இல்லை.

ஷினிகாமிக் கண்களை வாங்கினால் இந்தச் சிக்கல் தீர்ந்துபோகும். மீதி ஆயுளில் பாதியைக் கொடுக்க வேண்டும். கொடுத்தவனுக்கு முகத்துக்கு மேலே கொல்வதற்கு வேண்டிய பெயர் தெரியும். தெளிவான புகைப்படமோ தொலைக்காட்சிக் காட்சியோ போதும். சைட்டாமா முகமூடி போடுபவர் இல்லை. வழவழப்பான மொட்டைத் தலையோடு சூப்பர் மார்க்கெட் தள்ளுபடி வரிசையில் நிற்பவர். பார்த்த பெயரை எழுத வேண்டும், காரணத்தைக் காலியாக விட வேண்டும், 40 விநாடி பொறுத்திருக்க வேண்டும். காரணம் எழுதக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். 'குண்டு பாய்ந்து' என்று எழுதினால் அந்த உடம்பில் குண்டு பாயாது. நடக்க முடியாததை எழுதினால் கடைசியில் மாரடைப்பில்தான் வந்து முடியும். சிறையில் இருந்த கைதியை மாலைக்குள் ஈஃபிள் கோபுரத்தடியில் சாகும்படி எழுதிப் பார்த்த லைட்டின் சோதனையில் அதுதான் நடந்தது.

சைட்டாமா நகைச்சுவைப் பாத்திரம், அவர் தோற்பதில்லை என்பதுதான் அவருடைய இலக்கணம் என்றும் நடுவர் ஒரு வரி சேர்த்தார். 'ஒன் பஞ்ச் மேன்' ஆசிரியர் ஒன் (ONE) போட்ட கோடு அது இல்லை. ஹீரோ சங்கத்தின் தேர்வில் உடல் பகுதியில் 50-க்கு 50 வாங்கிய சைட்டாமா எழுத்துத் தேர்வில் 21 மதிப்பெண்ணோடு நின்று, மொத்தம் 71 வாங்கி, கடைசி வகுப்பான சி வகுப்பில் 388-ஆம் இடத்தில் சேர்கிறார். வீடியோ கேமில் கிங் என்ற சக ஹீரோவிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறார். கொசுவிடமும் தோற்கிறார். அவர் வெல்வது குத்துச் சண்டை நடக்கும் இடத்தில் மட்டும். குத்துக்கு வெளியே அவர் சாதாரண ஆள் என்பதில்தான் அந்தக் கதையின் சுவையே இருக்கிறது. நோட்டு குத்துக்கு வெளியே இருக்கும் ஆயுதம். டிராகன் பால் இசட் என்ற இன்னொரு தொடரிலும், ட்ரங்க்ஸ் என்ற பாத்திரம் வந்த எதிர்காலத்தில் நாயகன் கோகுவைக் கொன்றது எந்த வில்லனும் இல்லை, இதய நோய். (கோகு சையன் என்ற வேற்றுக்கிரக இனத்தவர், மனிதர் இல்லை, ஆகவே நோட்டு விஷயத்தில் அவர் கணக்கு தனி.)

வரத்தில் ஓட்டை தேடும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. உள்ளேயும் வெளியேயும் சாவில்லை, பகலிலும் இரவிலும் சாவில்லை என்று வாங்கிய இரணியனுக்கு வாசற்படியில் அந்திப்பொழுதில் முடிவு வந்த கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வரத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பார்த்தால்தான் அந்தக் கதையே நடக்கும். இவ்வளவு நல்ல பயிற்சி உள்ள பிள்ளைகளைக் கூட்டிவைத்துவிட்டு, "எவ்வளவு பெரிய குத்து" என்று மட்டும் கேட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. காஸ்பிளேக்கு (பாத்திரங்களைப் போல வேடம் போடுவது) இரண்டு மணி நேரம் ஒதுக்கினீர்கள். ஸ்டிக்கர், சாவிக்கொத்துக் கடைகளுக்கு நாள் முழுதும் இடம் இருந்தது. பட்டிமன்றம் மட்டும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் 35 நிமிடத்தில் சொருகப்பட்டது. பேசியவர்களில் பாதிப்பேருக்கு மைக் வேலை செய்யவில்லை. தமிழில் பேச ஆரம்பித்த இரண்டு பேரை "இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்று மேடையிலிருந்து நிறுத்தினீர்கள். நிறுத்தப்பட்டவர்களுக்கு விஷயம் தெரியும். மொழி மாற்றியதும் பாதி விஷயம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. சென்னையில் நடக்கும் சந்திப்பில் இது நடந்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கோபத்தில் சற்று விலகிவிட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன். தயவுசெய்து அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த சந்திப்பில் இதே தலைப்பை மறுபடி வையுங்கள். விதித்தாளை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் மாங்காவின் அத்தியாய எண் இருக்கட்டும், கதைக்குள் பொய் என்று தெரியவந்த விதிகளைத் தனியே பிரித்துப் போடுங்கள். இரண்டு கதைகள் மோதும்போது யாருடைய விதி எங்கே செல்லும், ஷினிகாமிக் கண் உண்டா இல்லையா, நோட்டு வைத்திருப்பவர் யார் என்ற மூன்றையும் வாதம் தொடங்கும் முன்பே இரு அணியும் ஒப்புக்கொள்ளட்டும். ஆளுக்கு ஐந்து நிமிடமாவது கொடுங்கள். தமிழில் பேசுபவரைத் தமிழிலேயே பேசவிடுங்கள்.

மறுபடி நடத்த முடியாவிட்டாலும் ஒன்றை மட்டும் செய்யுங்கள். 13 நாள் விதி பொய் என்று அவள் சொன்னது சரி, அதைக் கேட்காமல் விட்டது தவறு என்று அந்த மாணவிக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பதிவுப் படிவத்தில் அவள் பெயர் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்