கலாவுக்கு, கனடாவின் கெனோராவிலிருந்து

அடியே கலா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிர் கொல்கிறது. சின்னவள் இன்னும் தமிழில் கோபப்படுகிறாள், இங்கிலீஷில் கொஞ்சுகிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நீ அனுப்பிய அயிரைக் குழம்புப் படத்துக்கு நான் வாயைத் திறக்கவில்லை என்று கோபமாமே? சரசு சொன்னாள். ஹாஸ்டலில் கோள் சொன்ன பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. வயிறெரிந்தது உண்மை. ஆனால் அந்த வாரம் எனக்கு மீன் என்றாலே ஒரு மாதிரி இருந்தது.

நம் மருந்துக் கடைக்கு ஒரு பாட்டி வருவார், ஒஜிப்வே பழங்குடி. அன்றைக்குச் சில்லறை எடுக்க விரல் ஒத்துழைக்கவில்லை. “நுனியில் உணர்ச்சியே இல்லை. என்ன செய்ய, மீன் தின்றே வளர்ந்தேன்” என்று சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் ஊர் வடக்கே காட்டுக்குள் இருக்கும் கிராஸி நாரோஸ். ஆற்றின் மேல்போக்கில் டிரைடன் ஊரில் ஒரு காகித ஆலை. கூழை வெளுக்கக் குளோரின் வேண்டும், அதைத் தயாரிக்கப் பாதரசம். 1962 முதல் 1970 வரை ஏறக்குறைய 9 டன்னை வாபிகூன் ஆற்றில் விட்டார்கள். சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக்கிவிடும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன விஷம் ஏறும். ஆகப் பெரிய மீனில்தான் ஆக அதிகம். நாமும் அதைத்தானே பேரம் பேசி வாங்குவோம்! வாசனை கிடையாது. எவ்வளவு கொதிக்கவிட்டாலும் போகாது.

‘சாப்பிடாதே’ என்று சொல்வது சுலபமடி. அந்த ஊர் ஆண்கள் சுற்றுலாக்காரர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போய், கரையிலேயே பொரித்துக் கொடுத்துத் தாங்களும் சாப்பிட்டவர்கள். 1970இல் மீன்பிடித் தொழிலுக்குத் தடை வந்ததும் சம்பளமும் சாப்பாடும் சேர்ந்து போயின. ஜப்பானின் மினமாட்டாவில் இதே விஷ மீன் தின்று நோயுற்றவர்களைப் பார்த்த மருத்துவர் ஹரடா 1975இல் இங்கே வந்து, அதே அறிகுறிகளைக் கண்டார். கை கால் மரத்துப்போவது, பார்வை ஓரங்களில் சுருங்குவது, நடை தள்ளாடுவது.

என்னைத் தூங்கவிடாதது வேறு. தாயிடம் வெளியே ஒன்றும் தெரியாது, நன்றாகவே நடமாடுவாள். வயிற்றுப் பிள்ளையின் மூளை அந்த விஷத்தை வாங்கிக்கொள்ளும். அரசாங்கம் போடும் மீன் அட்டவணையில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தனிக் கட்டமே உண்டு. 2023இல் வந்த ஆய்வு மூன்று தலைமுறையைக் கோக்கிறது: தாத்தா மீன்பிடி வழிகாட்டி, அம்மா அந்த மீன் தின்று வளர்ந்தவள், பேரப்பிள்ளைகளிடம் தற்கொலை முயற்சிகள். ஆற்றுக்குள் ஒருநாளும் கால் வைக்காத பிள்ளைக்கும் பங்கு போகிறதடி. சுத்தம் செய்ய 2017இல் 8.5 கோடி டாலர் அறிவித்தார்கள். ஆய்வும் கூட்டமுமாக ஓடுகிறது. நம் பஞ்சாயத்து சாக்கடை ஞாபகம் வருகிறதா?

சரி, உனக்கு ஏன் இவ்வளவும் என்கிறாயா? கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையை 2001இல் மூடினார்களே, அதற்குக் கீழே பாம்பாற்றுச் சோலை. அந்தத் தண்ணீர்தான் கும்பக்கரையில் விழுகிறது. உன் தம்பி மீன்வளத் துறையில்தானே இருக்கிறான்? கீழே நம் பக்கம் பிடிக்கிற மீனில் பாதரசம் எப்போதாவது பார்த்தார்களா, பெரிய விரால், வாளைகளில் பார்த்தார்களா என்று கேட்டு எழுது. சிரித்து மழுப்பினால் என்னிடம் போனைக் கொடு. வசந்திக்கு இது ஆறாம் மாதம் வேறு.

அன்புடன்,
மலர்