முப்பது வருடம் கழித்துக் கேட்ட சிடி

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாய். படி இறங்கும்போது இன்னும் பிடிக்கிறதா? எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், சாயங்காலம் நாலு போண்டாவில் அதைச் சரிக்கட்டிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மது பிரிஸ்டலில் படிக்கிறாள் இல்லையா, லீவுக்கு வந்திருக்கிறாள். கிளம்புவதற்கு முன், "அப்பா, உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று போனில் கேட்டாள். பிரிஸ்டல் என்றால் எனக்கு ஒன்றுதான் ஞாபகம் வரும்: நம் ஆன்ஸ்லாட், அந்த அதிவேக மெட்டல் இசைக்குழு. அவர்கள் ஊராயிற்றே. பழைய சிடி விற்கிற கடைகளில் ஏறி இறங்கி அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் ‘இன் சர்ச் ஆஃப் சானிட்டி’யைப் பிடித்துவிட்டாள். எடுத்துக் கொடுத்த கடைக்காரர், "இதுதான் வேணுமா?" என்று ஒரு மாதிரி பார்த்தாராம். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஹாஸ்டலில் நீ எனக்குக் கொடுத்த அறுபது நிமிட கேசட் நினைவிருக்கிறதா? உன் பெரியப்பா மகன் பம்பாயிலிருந்து பதிவு செய்து அனுப்பியது. மேலே ‘பக்திப் பாடல்கள்’ என்று நீதான் எழுதி ஒட்டினாய், வார்டன் கண்ணில் பட்டால் தப்பிக்க. உள்ளே ஆன்ஸ்லாட்டின் 1986 ஆல்பம், ‘தி ஃபோர்ஸ்’. ஏழே பாட்டு. ஒரு பாட்டு நடுவில் அறுந்துபோய், கேசட்டைத் திருப்பிப் போட்டால்தான் மீதி வரும். இன்றைக்கும் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டால் நடுவில் ‘டக்’ என்று சத்தம் வராதது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. அடுத்த ஆல்பம் இதைவிடப் பயங்கரமாக இருக்கும் என்று நீ அடித்துச் சொன்னாய். அதுதான் மது வாங்கி வந்த இந்த ஆல்பம். 1989இலேயே வந்துவிட்டது, நம் கைக்குத்தான் வரவில்லை. பிற்பாடு போனில் எப்போது வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கட்டும் என்று ஒரு ஆசை.

வீட்டில் சிடி போட ஒன்றுமில்லை. பரண்மேல் கிடந்த டிவிடி பிளேயரை இறக்கித் தூசி தட்டி டிவியில் மாட்டினேன். திரையில் நீலமாக ஒரு பக்கம், மூலையில் பாட்டு எண்ணும் நிமிடமும். ஏதோ தேர்வு முடிவு பார்க்கிற மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் ‘அசைலம்’ என்று ஒரு முன்னோட்டம், அது போகட்டும். இரண்டாவதுதான் தலைப்புப் பாட்டு. கிட்டார் வந்தது, நன்றாகவே வந்தது. நானும் தலையை ஆட்டத் தொடங்கினேன். அப்புறம் ஒருவர் பாடினார் பார், ஆட்டிய தலை அப்படியே நின்றுவிட்டது.

குரல் மோசம் என்று நினைத்துவிடாதே. அருமையான குரல். பாடியவர் ஸ்டீவ் கிரிமெட், கிரிம் ரீப்பர் என்ற இன்னொரு மெட்டல் குழுவின் பாடகர். 1983இல் ‘சீ யூ இன் ஹெல்’ பாடினாரே, அவரேதான். உச்சஸ்தாயியில் கண்ணாடி உடையும். ஆனால் நாம் காத்திருந்தது ‘தி ஃபோர்ஸ்’இல் பாடிய சை கீலரின் கத்தலுக்கு அல்லவா! இந்தப் பாட்டுகளையும் முதலில் கீலரை வைத்துத்தான் பதிவு செய்திருக்கிறார்கள். கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. அவரை எடுத்துவிட்டு, கிரிமெட்டைக் கூட்டிவந்து அதே பாட்டுகளின் மேல் மறுபடி பாடவைத்தார்கள். மாப்பிள்ளையை மாற்றிவிட்டு, தைத்த சட்டையை மட்டும் மாற்றாமல் விட்ட கல்யாணம்.

எங்கே உதைக்கிறது என்று நாலு தடவை கேட்டுப் பார்த்தேன். ‘தி ஃபோர்ஸ்’இல் கிட்டார் துண்டு துண்டாக வெட்டும், கீலரின் வார்த்தைகள் அந்த இடைவெளிகளில் போய் விழும். அவர் குரலே இன்னொரு டிரம். இங்கே கிட்டார் அதே மாதிரி வெட்டிக்கொண்டிருக்க, கிரிமெட் அதன் மேல் நீளநீளமாக இழுக்கிறார். தவில் தனியாவர்த்தனம் நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் தாலாட்டுப் பாடினால் எப்படி இருக்கும்? தவிலும் நன்றாக இருக்கும், தாலாட்டும் நன்றாக இருக்கும். பிள்ளைதான் தூங்காது.

எல்லோரும் கிரிமெட்டைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூப்பிட்டார்கள், வந்தார், தனக்குத் தெரிந்ததைக் குறைவில்லாமல் செய்தார். யார் கூப்பிட்டார்கள் என்று பார். ஆன்ஸ்லாட்டின் முதல் ஆல்பம் ‘பவர் ஃப்ரம் ஹெல்’, அதாவது நரகத்திலிருந்து சக்தி, 1985இல் வந்தது பிரிஸ்டலில் பங்க் என்கிற முரட்டு ராக் இசை போடும் ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து. அவர்களே பங்க் இசையில் தொடங்கியவர்கள்தான். மூன்றாவது ஆல்பத்துக்கு வருவதற்குள் லண்டன் ரெக்கார்ட்ஸ் போன்ற பெரிய இடம். பனானராமா என்ற பாப் பெண்கள் குழு பாடிய அதே கம்பெனி! 1988இல் இதே ரகத்து அமெரிக்கக் குழுவான மெட்டாலிக்காவின் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறியிருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு ஒரு மெட்டாலிக்கா தேடிய காலம்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. தயாரிப்பாளர் ஸ்டீஃபன் கால்ஃபாஸ். 1986இல் ஸ்ட்ரைப்பர் என்ற கிறிஸ்தவ மெட்டல் குழுவின் ‘டு ஹெல் வித் தி டெவில்’ (பிசாசு நரகத்துக்கே போகட்டும்) ஆல்பத்தில் வேலை செய்தவர். ஸ்ட்ரைப்பரைத் தெரியுமே, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட உடையில் நின்று கூட்டத்தைப் பார்த்து பைபிள் வீசுகிறவர்கள். நரகத்திலிருந்து சக்தி வாங்கியவர்களைக் கொண்டுபோய் பிசாசைத் துரத்தியவரிடம் விட்டிருக்கிறார்கள். குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அனுப்பிவிட்டார் மனுஷன். எல்லாம் பளபள. ‘தி ஃபோர்ஸ்’இல் இருந்த அந்த அழுக்கு, பக்கத்து அறையில் யாரோ சண்டை போடுகிற மாதிரி ஒரு நெருக்கம், அது போயே போய்விட்டது.

நடுவில் ஏசி/டிசி என்ற ராக் குழுவின் பழைய பாட்டு ‘லெட் தேர் பி ராக்’ வேறு. ஏன் என்று கேட்காதே, ரேடியோவுக்காக இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது வேறு காரணத்துக்கு. ‘தி ஃபோர்ஸ்’ எந்தப் பாட்டில் தொடங்கும்? ‘லெட் தேர் பி டெத்’! மூன்று வருடத்தில் சாவு போய் ராக் வந்துவிட்டது. இந்த ஆல்பத்துக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சனம் எழுத முடியாது.

நல்லது ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ‘லைட்னிங் வார்’ வேகமாக ஓடும்போது பழைய ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ‘வெல்கம் டு டையிங்’ பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகிறது. இதே ரகத்து ஸ்லேயர் குழுவின் ‘ரெய்ன் இன் பிளட்’ முழு ஆல்பமே இருபத்தொன்பது நிமிடம்தான், அதை நினைத்துப் பார். ஆனாலும் இந்த ஒரு பாட்டில் கிரிமெட்டுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவர் மூச்சுக்கு ஏற்ற நீளம். எட்டாவது நிமிடத்தில் சுமதி வந்து, "டிவி ரிப்பேரா?" என்று கேட்டாள். பாட்டு என்றேன். நீலத் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

அப்புறம் கதை உனக்கே ஓரளவு தெரியும். கிரிமெட் விலகினார், 1991இல் குழுவும் கலைந்தது. பல வருடம் கழித்து மறுபடி கூடி, 2007இல் கீலரோடு ‘கில்லிங் பீஸ்’ போட்டார்கள். அது பரவாயில்லை, கோபம் இருக்கிறது. கிரிமெட் 2017இல் எக்வடாரில் கச்சேரிக்குப் போன இடத்தில் கால் கெட்டுப்போய், எடுக்கவேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகும் மேடை ஏறிப் பாடினார். 2022 ஆகஸ்டில் போய்விட்டார், 62 வயது. இதைப் படித்த பிறகு அந்த சிடியை இன்னொரு தடவை போட்டேன். பிடிக்கவில்லைதான். ஆனால் முழுதாகக் கேட்டேன்.

உன் ‘பக்திப் பாடல்கள்’ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பியே தரவில்லை. உள்ளே நாடாவுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பஞ்சு விழுந்துவிட்டது, வேறொரு கேசட்டிலிருந்து பிய்த்து ஒட்ட வேண்டும். என் டேப் ரெக்கார்டரில் பெல்ட் போய்விட்டது. உன் அம்மா வீட்டில் ஒன்று இருந்ததே, வீட்டைக் காலி செய்யும்போது அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. தை மாதம் வரும்போது கையோடு கொண்டுவா.

அன்புடன்,
சேகர்