முதலில் ஒரு பந்தைக் குதிக்க வைக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அனிமேஷன், காமிக்ஸ், கேம் டிசைன் துறைகளில் ஆர்வமுள்ள மாணவர்களுக்காக உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். என்னென்ன பட்டப்படிப்புகள், என்னென்ன வேலைகள் என்று விவரமாகவே எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அதைப் படித்து முடிக்கிற பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு, இன்னும் நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும் போல என்றுதான் தோன்றும். இன்று மாலையே தொடங்கலாம், கையில் இருப்பதை வைத்துக்கொண்டு, காசு செலவழிக்காமல் தொடங்கலாம் என்று ஒரு வரி அதில் இருந்திருக்கலாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகளுக்குப் பதினான்கு வயது. எந்த நோட்டைத் திறந்தாலும் கடைசிப் பக்கங்களில் படம்தான். போன மாதம் அவள் போனில் 'அப்புறம் பார்க்க' என்று சேமித்து வைத்திருந்த வீடியோக்களைக் காட்டினாள், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. கண் வரைவது, முடி வரைவது, உருவத்தை நடக்க வைப்பது, வெளிச்சம் போடுவது, கேம் செய்வது எப்படி என்று எல்லாமே நல்ல வீடியோக்கள். "இதுல எதையாவது செஞ்சு முடிச்சியா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, எதுல ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்றாள். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. ஆர்வம் இருக்கிறது, கை இருக்கிறது, இணையத்தில் பாடம் மலைபோலக் கிடக்கிறது, இதற்கடுத்து இது, இதோடு நிறுத்து, இதை முடித்துவிட்டு வா என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. இந்தத் துறைகளில் ஆசை உள்ள பெரும்பாலான பிள்ளைகளின் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை நாங்கள் இரண்டு பேரும் ஒரு பந்து செய்தோம். அனிமேஷன் கற்றுக்கொள்கிற எவருக்கும் முதல் பயிற்சி அதுதான், குதிக்கிற பந்து. திரையில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி அசையாக் காட்சிகள் ஓடும், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் ஒரு நொடிக்கு 12 படம் போதும். அதனால் பன்னிரண்டு வட்டம் வரைந்தாள். முதலில் எல்லா வட்டத்தையும் சம இடைவெளியில் வரைந்துவிட்டாள், ஓட்டிப் பார்த்தால் பந்து கம்பியில் கோத்த மணி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் உச்சியில் இருக்கும் வட்டங்களை நெருக்கமாகவும் தரைக்குப் பக்கத்தில் வருபவற்றைத் தள்ளித் தள்ளியும் வரையச் சொன்னேன். தரையைத் தொடுகிற அந்த ஒரே படத்தில் பந்தைக் கொஞ்சம் அமுக்கி அகலமாக வரைந்தாள். மறுபடி ஓட்டினோம். பந்துக்குக் கனம் வந்துவிட்டது! "மாமா, இது ரப்பர் பந்து" என்றாள். உச்சிக்குப் போகும்போது பந்து வேகம் குறைந்து, கீழே வரும்போது வேகம் பிடிக்கிறது, அதைப் பன்னிரண்டு வட்டத்தின் இடைவெளியில் காட்டிவிட்டாள், அவ்வளவுதான் விஷயம். இதே பந்தை இரும்புக் குண்டாக மாற்று, பலூனாக மாற்று என்றால் இன்னும் இரண்டு நாள் வேலை இருக்கிறது. டிஸ்னி அனிமேட்டர்கள் தொகுத்து 1981இல் வெளியிட்ட பன்னிரண்டு அடிப்படை விதிகளில் நாலைந்தாவது இந்த ஒரு பந்துக்குள்ளேயே வந்துவிடும்.

இதற்கு நாங்கள் பயன்படுத்தியது போனில் இருக்கிற ஃப்ளிப்பாக்ளிப் என்ற செயலி. போனும் வேண்டாம் என்றால் ஒரு குட்டி நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வரைந்து கட்டை விரலால் விசிறினாலும் அதே பாடம்தான்.

வீட்டில் கணினி இருந்தால் வாசல் இன்னும் பெரிதாகத் திறக்கும். கையால் வரையும் அனிமேஷனுக்கு பென்சில்2டி எளிமையானது, பழைய கணினியிலும் ஓடும். வண்ணம் தீட்டவும் காமிக்ஸ் பக்கம் போடவும் கிரிட்டா இருக்கிறது, அதிலேயே அனிமேஷனும் செய்யலாம். ஓப்பன்டூன்ஸ் கொஞ்சம் கடினம், ஆனால் ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ தன் படங்களுக்குப் பயன்படுத்திய மென்பொருளின் வழிவந்தது அது, 2016இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். முப்பரிமாணம் என்றால் பிளெண்டர். இதன் கதையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, 2002இல், பயனர்களே ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்த்துக் கொடுத்து அதைப் பொதுச் சொத்தாக மீட்டார்கள். இன்றுவரை இலவசம். ஒரு கெடு, நாள் கணக்கு, பாதி வசதியைப் பூட்டி வைத்தல் எதுவும் கிடையாது.

இலவசம் என்றால் ஏனோதானோ என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. லாட்வியா என்ற சின்ன நாட்டிலிருந்து வந்த 'ஃப்ளோ' படம் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது, வசனமே இல்லாத படம், ஒரு பூனையின் கதை. அந்தப் படம் செய்யப்பட்டது பிளெண்டரில்தான். அந்த இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பாலோடிஸ் அதற்கு முன் 2019இல் வெளியிட்ட முழுநீளப் படத்தைத் தனி ஆளாகச் செய்தவர். உங்கள் பிள்ளை தரவிறக்குகிற அதே மென்பொருள்தான் ஆஸ்கர் மேடை வரை போயிருக்கிறது.

பிளெண்டர் அமைப்பு தானே எடுத்த குறும்படங்களையும், அவற்றின் உள் கோப்புகளையும் சேர்த்தே வெளியிடுகிறது. 2008இல் வந்த 'பிக் பக் பன்னி'யில் வரும் குண்டு முயலைத் திறந்து, அதை அசைப்பதற்கான எலும்புகளை அதற்குள் எப்படிப் பூட்டியிருக்கிறார்கள், முகத்தில் எந்த இடத்தை இழுத்தால் புருவம் ஏறுகிறது என்று ஒரு பிள்ளை தன் கையால் அசைத்துப் பார்க்கலாம். இப்படி ஒரு வாய்ப்பு எங்கள் காலத்தில் இருந்திருந்தால் என்று ஏங்குகிறேன். நான் பழகிய நாட்களில் யாரோ கொடுத்த திருட்டு மென்பொருளைப் போட்டேன், கூடவே வைரஸ் வந்து இரண்டு மாதம் வரைந்த படங்கள் மொத்தமும் போயிற்று. அன்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பூட்டுடைத்த மென்பொருள் பக்கம் பிள்ளைகள் போகவே வேண்டாம், போக வேண்டிய தேவையும் இப்போது இல்லை.

"படம் வரைந்துகொண்டிருந்தால் கணக்கு யார் படிப்பது?" என்று கேட்கிற பெற்றோர்களுக்கு: கான் அகாடமி என்ற இலவசக் கல்வித் தளமும் பிக்ஸார் என்ற அனிமேஷன் நிறுவனமும் சேர்ந்து 2015இல் தொடங்கிய 'பிக்ஸார் இன் எ பாக்ஸ்' என்ற இலவசப் பாடத்தொகுப்பை ஒரு தடவை திறந்து பாருங்கள். புல் ஒன்று காற்றில் வளைவதை எப்படிக் காட்டுவது என்று தொடங்கி அது பரவளையத்தில் கொண்டுபோய் நிறுத்தும், நம் பிள்ளைகள் பள்ளியில் எதற்கு என்றே தெரியாமல் வரைகிற அதே பரவளையம். பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதுதான் குறை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒரு பெரியவர் இருந்தால் அதையும் தாண்டிவிடலாம்.

காமிக்ஸுக்கு வருகிறேன். இதற்கு எந்த மென்பொருளும் அவசரமில்லை, ஒரு பேப்பரை நாலாக மடித்தால் நாலு கட்டம் தயார். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கிற வெள்ளை இடைவெளியில்தான் காமிக்ஸ் நடக்கிறது. முதல் கட்டத்தில் ஒருவன் கையில் கண்ணாடிக் குவளை, அடுத்த கட்டத்தில் தரையில் சில்லுகள். விழுந்ததை யாரும் வரையவில்லை, ஆனால் வாசகர் பார்த்துவிட்டார். எதை வரையாமல் விடுவது என்று யோசிக்கப் பழகினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கொரியாவில் வளர்ந்த வெப்டூன் முறையில் கட்டங்கள் மேலிருந்து கீழாக ஓடும், அங்கே அந்த வெற்றிடத்தை நீட்டினால் ஒரு மௌனம் கிடைக்கும். போனில் படிப்பவர்களுக்கு வரைகிற பிள்ளைகள் அதையும் முயன்று பார்க்கலாம். பழைய பக்கங்களைப் பார்த்துப் படிக்க டிஜிட்டல் காமிக் மியூசியம் என்ற தளத்தில் காப்புரிமை இல்லாத பழைய அமெரிக்க காமிக்ஸ்கள் ஏராளம் கிடைக்கின்றன. அந்தக் காலத்துக் கதைகள் என்பதால் சிலவற்றைப் பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

தமிழில் செய்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். வசனத்தை முதலில் எழுதி, அது உட்காரும் பலூனை முதலில் வரைந்து, மிச்ச இடத்தில் ஆளை வரையுங்கள். நம் சொற்கள் நீளம், 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது ஒற்றைச் சொல், அதைக் குறுகிய பலூனில் எங்கே உடைப்பீர்கள்? படத்தை முழுக்க முடித்துவிட்டுக் கடைசியில் பலூனைத் திணித்தால் முகம் மறைந்துபோகும்.

கேம் டிசைனிலும் இதே தமிழ்ச் சிக்கல் வேறு உருவத்தில் வரும். அக்கா மகள் செய்த சின்ன கேமில் 'மேகம்' என்று எழுதினாள், திரையில் 'மகேம்' என்று வந்தது. தான் தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நாலு தடவை அழித்து அழித்து எழுதினாள், பாவம். தப்பு அவளுடையது இல்லை. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், கணினியின் உள்ளே அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும், காட்டும்போது இடம் மாற்றிக் காட்ட வேண்டிய வேலையைச் சில மென்பொருள்கள் செய்வதில்லை. கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளின் 2023இல் வந்த நான்காம் பதிப்பு இதைச் சரியாகச் செய்கிறது, தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்தால் போதும். அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் உருவாக்கி 2014இல் இலவசமாகத் திறந்துவிட்ட கேம் எஞ்சின் அது. தமிழில் கேம் செய்ய நினைக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு தகவலைச் சொன்னால் எத்தனையோ நாள் மிச்சம்.

ஆனால் கோடோ இரண்டாம் படிதான். எட்டு வயதிலிருந்தே ஸ்க்ராட்ச் தொடங்கலாம், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா லேப் 2007இல் வெளியிட்டது, கட்டைகளை அடுக்குகிற மாதிரி கட்டளைகளை அடுக்கினால் கேம் ஓடும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, வேறு பிள்ளை செய்த கேமை உள்ளே திறந்து எப்படிச் செய்திருக்கிறது என்று பார்க்கலாம், எடுத்து மாற்றியும் பார்க்கலாம். அதற்கும் முன்னால் கணினியே இல்லாமல் ஒரு பயிற்சி உண்டு. சதுரங்கத்தில் ஒரே ஒரு விதியை மாற்றி விளையாடுங்கள். குதிரை இரண்டு தடவை நகரலாம் என்று வையுங்கள். நாலு ஆட்டத்தில் ஆட்டம் எங்கே கெடுகிறது, எங்கே சூடு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். விதியை மாற்றி, ஆடிப் பார்த்து, மறுபடி மாற்றுவதுதான் கேம் டிசைனரின் அன்றாட வேலை, கோடிங் அதற்குப் பிறகு வருகிறது.

படம் வரைய வராது, ஆனால் கேம் செய்ய ஆசை என்றால் கென்னி என்ற தளத்தில் இருக்கிற படங்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், சிசி0 உரிமத்தில் வருபவை, பெயர் போடக்கூடத் தேவையில்லை. மற்ற தளங்களில் ஒவ்வொரு படத்துக்கும் ஒலிக்கும் ஒவ்வொரு உரிமம் இருக்கும், படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்தப் பழக்கம் சின்ன வயதிலேயே வரட்டும். முடித்த கேமை இட்ச்.ஐஓ என்ற தளத்தில் இலவசமாகப் போடலாம். கொஞ்சம் தேறியபின் லூடும் டேர் போன்ற கேம் ஜாம்களில் கலந்துகொள்ளலாம், ஒரு தலைப்புக் கொடுப்பார்கள், 48 மணி நேரத்தில் ஒரு கேமை முடித்துக் காட்ட வேண்டும், 2002லிருந்து நடக்கிறது. நேரம் குறைவு என்பதால் பிள்ளைகள் தானாகவே சின்னதாக யோசிக்கப் பழகுவார்கள்.

ஒரு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவே படம் போட்டுத் தருகிறதே, இதையெல்லாம் எதற்குக் கற்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அன்று பந்துக்குக் கனம் வந்தபோது அந்தப் பிள்ளையின் முகத்தை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். எது சரியாக அசைகிறது, எது தப்பாக அசைகிறது என்று பார்க்கிற கண் வரைந்து வரைந்துதான் வரும், அந்தக் கண் இல்லாதவருக்கு இயந்திரம் தருவதில் எது நல்லது என்று தேர்ந்தெடுக்கவும் தெரியாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியதும் உண்டு. இந்தத் தளங்கள் பலவற்றில் பதிமூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்குத் தொடங்கக் கூடாது. முழுப்பெயர், பள்ளியின் பெயர், புகைப்படம் போட வேண்டாம், புனைபெயர் போதும். அப்புறம் முதல் படத்தைப் போட்டதும் யாராவது ஒருவர் கடுமையாக எழுதிவிட்டால் பிள்ளை சுருண்டுவிடும், அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

ஆசிரியரே, என் வேண்டுகோள் இதுதான். உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சி, எளிய தமிழில், அடுத்த வாரத்துக்குள் முடிக்கக்கூடிய அளவில். இந்த வாரம் குதிக்கிற பந்து, அடுத்த வாரம் நாலு கட்டத்தில் ஒரு சம்பவம், அதற்கடுத்து சதுரங்கத்தில் ஒரு புது விதி. பிள்ளைகள் செய்து அனுப்பியதில் ஒன்றிரண்டை அப்படியே அச்சிடுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் பத்து வாரத்துக்கான பயிற்சிகளை எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன், பணம் எதுவும் வேண்டாம். அக்கா மகளின் பன்னிரண்டு வட்டங்களையும் அவள் அனுமதியோடு இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். முதலாவது வாரத்துக்கு அவை உதவும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்