பட்டியல் போடுபவர்களைக் கேட்டு நூலக மென்பொருளை அமைக்கக் கோரும் மனு

பெறுநர்: பொது நூலக இயக்குநர் அவர்கள், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மாவட்ட நூலகம் ஒன்றில் புத்தகங்களுக்குப் பட்டியல் போடும் வேலை என்னுடையது. அடுத்த முறை பட்டியலாக்க மென்பொருளைப் புதுப்பிக்கும்போது, அதை எழுதுபவர்கள் முதலில் எங்கள் பக்கத்தில் ஓரிரு நாள் உட்கார்ந்து வேலையைப் பார்க்கட்டும், திரையை அதன் பிறகு வரையட்டும் என்று தாங்கள் உத்தரவிட வேண்டும்.

புத்தகம் கைக்கு வந்ததும் தலைப்புப் பக்கத்தைப் பார்ப்போம், அதன் பின்பக்கத்தைப் புரட்டி எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு என்று பார்ப்போம், அப்போதே இது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்ற கேள்வி வந்துவிடும், முன்னுரையையும் பொருளடக்கத்தையும் பார்த்த பிறகுதான் எந்தப் பொருள் என்று காட்டும் வகுப்பு எண்ணைப் போடுவோம். திரையோ எடுத்த எடுப்பிலேயே விலையையும் பில் எண்ணையும் கேட்கிறது. பழைய பதிப்பைத் தேட வேறு பக்கத்துக்குப் போய்த் திரும்பினால், பாதி நிரப்பியது எல்லாம் காலி.

சரி, இதையாவது சமாளித்துக்கொள்ளலாம். ஆசிரியர் பெயரில்தான் பெரிய தொல்லை. முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் கட்டாயமாம். நம்மில் பெரும்பாலோருக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல் அப்பாவின் பெயர். அதனால் ஒருவர் இனிஷியலை அந்தக் கட்டத்தில் போடுகிறார், இன்னொருவர் வெறும் புள்ளி வைக்கிறார், மூன்றாமவர் முழுப் பெயரையும் அங்கேயே அடிக்கிறார், கடைசியில் ஒரே எழுத்தாளர் மூன்று பேராகி, தேடி வரும் வாசகருக்குப் பாதிப் புத்தகங்கள் அகப்படுவதே இல்லை. புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவர்தான் என்று சொல்லவும் திரையில் இடமில்லை. இத்தனைக்கும் நூலகப் பதிவுகளைக் கணினியில் எழுதும் பொது வடிவமான மார்க் 21இல், ஆசிரியர் பெயருக்கான 100 என்ற டேகில் முதல் இண்டிகேட்டரை (பெயர் எந்த வகை என்று சொல்லும் குறியை) 0 என்று போட்டால் போதும், குடும்பப் பெயர் தேவையே இல்லை. புனைபெயரை இணைக்க, ஒருவரின் எல்லாப் பெயர்களையும் ஒன்றாகக் கோக்கும் அத்தாரிட்டி ஃபைல் இருக்கிறது. இருக்கிற வசதியைத்தான் திரையில் வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இதற்குப் பெரிய செலவும் ஆகாது. கோஹா போன்ற திறந்த மூல நூலக மென்பொருளில் எந்தக் கட்டம் தெரிய வேண்டும், எது கட்டாயம் என்பதை நூலகமே மாற்றிக்கொள்ளலாம். நூலக அறிவியல் முன்னோடி ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகங்களோடு புழங்கிக்கொண்டேதான், புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்பு முறையை உருவாக்கி 1933இல் வெளியிட்டார். அதே ஊரில் இன்று பட்டியல் போடுபவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திரை தயாராவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பெயர்க் கட்டத்தையும், பாதி வேலையைச் சேமித்து வைக்கும் வசதியையும் முதலில் சரிசெய்து, சில நூலகங்களில் சோதித்துப் பார்த்த பிறகு மற்ற இடங்களுக்குக் கொண்டுபோகுமாறு கேட்டுக்கொள்கிறேன். சோதனைக்கு எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
பட்டியலாக்கப் பணியாளர்